சாமி, முட்டி இப்ப எப்படி இருக்கு? – ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாரும் கேக்குற கேள்விகள்

காரைக்குடி பக்கத்துல ஒரு பங்குல சாமியாரா இருக்கேன், வயசு அறுபது தாண்டியாச்சு, வலது முட்டியில மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி இப்ப வாக்கரை விட்டுட்டு குச்சிக்கு வந்திருக்கேன். பங்கு மக்கள், மத்த பங்கு சாமியார்கள், மூட்டு வலியோட இருக்கிற அம்மாமார்னு ஆளாளுக்கு போன் பண்ணி ஒரே கேள்விகளைத்தான் கேக்குறீங்க. அக்கறையாத்தான் கேக்குறீங்க, அதனால எல்லாருக்கும் சேத்து நிதானமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ஆபரேஷன் இல்லாம சரி பண்ணியிருக்க முடியாதா?

ரொம்ப வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். வெந்நீர் ஒத்தடம், தைலம், மாத்திரை, முட்டிக்குள்ள ஊசி, எல்லாம் கொஞ்ச நாளைக்கு கேக்கும். ஆனா எலும்பு நுனியில இருக்கிற ஜவ்வு ஒரு தடவை தேஞ்சு போச்சுன்னா அது திரும்ப வளராது, எக்ஸ்ரேயில ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளியே எனக்கு இல்ல, எலும்பும் எலும்பும் உரசுது. கிளைக்கிராமத்துக்கெல்லாம் பைக்குல போய் வந்து, ராத்திரி கட்டில்ல கால நீட்டினா தூக்கமே வராது.

நிறைய பேர் முட்டியவே அறுத்து எடுத்துட்டு இரும்பு முட்டி வைக்கிறாங்கன்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. தொடை எலும்போட அடி நுனியையும், கீழ்க்கால் எலும்போட மேல் நுனியையும் கொஞ்சமா சீவி எடுத்துட்டு அதுமேல உலோக மூடி மாதிரி பொருத்துறாங்க, நடுவுல ஒரு கெட்டி பிளாஸ்டிக் தகடு. தசையும் பக்கத்து தசைநாரும் நம்மளோடது தான். அதனாலதான் ஆபரேஷனை விட அதுக்கு அப்புறம் பண்ற பயிற்சி முக்கியம், இதை நான் பார்க்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

செலவு பத்தி கேக்குறவங்களுக்கு: 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முட்டிக்குள்ள வைக்கிற உபகரணத்துக்கு விலை உச்சவரம்பு வச்சாங்க, சாதாரணமா எல்லாருக்கும் வைக்கிற கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்ப 54,720 ரூபாயும் ஜிஎஸ்டியும்னு நிர்ணயிச்சாங்க. அதுக்கு முன்னாடி லட்சத்துக்கு மேல வாங்கின இடமெல்லாம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறவங்க அந்த திட்டத்துல இது வருமான்னு ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டு கவுண்டர்ல முதல்லயே கேட்டுடுங்க, பணத்துக்கு பயந்து வலியைத் தாங்கிட்டே இருக்காதீங்க.

உங்களுக்கு யாரு சாமி பாத்துக்கிறா? குடும்பம் இல்லையே?

இந்த கேள்வியைத்தான் ஆச்சிமார் அதிகமா கேக்குறாங்க, கேக்கும்போதே கண்ணு கலங்கிடுறாங்க. உண்மையைச் சொன்னா ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கும் இதுதான் பெரிய கவலை. வலியை விட, ராத்திரி பாத்ரூம் போக யாரை எழுப்புறதுன்னு யோசிச்சுத்தான் ரெண்டு மூணு தடவை தேதியைத் தள்ளிப் போட்டேன்.

இப்ப எப்படி நடக்குதுன்னா, ராத்திரிக்கு எங்க உபதேசியார் (பங்குல வேதபாடம் சொல்லிக் கொடுத்து உதவுறவர்) பக்கத்து ரூம்ல படுத்துக்கிறாரு. கட்டில் தலைமாட்டுல பூசையில அடிக்கிற சின்ன மணி ஒண்ணு வச்சிருக்கேன், அதை ஆட்டினா வந்துடுவாரு. முதல் வாரங்கள்ல குளிக்க வைக்க, கால்ல அந்த இறுக்கமான சாக்ஸ் போட்டு விட அவரோட மருமகன் வந்தான். அந்த சாக்ஸ் போடுறது ஒரு தனி வேலை, குதிகால் வரைக்கும் உள்பக்கமா சுருட்டி, விரலை நுழைச்சு, கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்து, மடிப்பு இல்லாம தடவி விடணும், மடிப்பு இருந்தா அந்த இடத்துல தோல் புண்ணாயிடும். என் கால தன் மடியில வச்சுக்கிட்டு அந்தப் பையன் அதை பண்ணும்போது, இயேசு தன் சீடர்கள் காலைக் கழுவின ஞாபகமா, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்னைக்கு வருஷா வருஷம் நான் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுறது தான் ஞாபகம் வந்துச்சு. கழுவ விட்டுக்கொடுக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும், பேதுரு முதல்ல மாட்டேன்னு தானே சொன்னாரு. எனக்கு அந்த வசனம் இப்பத்தான் உடம்புல ஏறியிருக்கு.

தனியா இருக்கிற சாமியார்கள் இதைப் படிச்சா ஒண்ணு சொல்றேன்: ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி ராத்திரிக்கு யாரு, குளிக்க யாரு, மாத்திரை எடுத்துக் கொடுக்க யாருன்னு பேர் எழுதி வச்சுடுங்க. ஆயர் இல்லத்துலயும் சொல்லி, உதவிக்கு ஒரு சாமியாரை ஏற்பாடு பண்ணிக்கோங்க. இதைக் கேக்குறதுக்கு வெக்கப்பட வேண்டியதே இல்ல.

ஒரு நாள் எப்படி போகுது?

விடியக்காலம் எழுந்ததும் கட்டில்லயே கரண்டைக்காலை மேலயும் கீழயும் ஆட்டுறது, அது ரத்தம் கட்டாம இருக்க. அப்புறம் திருப்புகழ்மாலை காலை செபம், உக்காந்து தான். கொஞ்சம் சாப்பிட்டுட்டு மாத்திரை, அப்புறம் பூசை. பூசைக்கு முன்னாடி சாப்பிடலாமான்னு ஒரு பாட்டி சந்தேகப்பட்டாங்க: பூசையில நன்மை, அதாவது திருவிருந்து அப்பம், வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தணும்ங்கிறது சட்டம், தண்ணிக்கும் மருந்துக்கும் அந்த தடை இல்ல, வயசானவங்க, நோயாளிங்க, அவங்களைப் பாத்துக்கிறவங்களுக்கு அந்த ஒரு மணி நேரக் கட்டாயமும் இல்ல. அதனால சுகர் இருக்கிறவங்க வெறும் வயித்துல மயங்கி விழாதீங்க.

பத்து மணிக்கு மேல பிசியோ தம்பி வருவாரு. குதிகாலை மெத்தையில தேச்சு மடக்குறது, தொடையை இறுக்கி முட்டியை கீழ அமுக்குறது, கால நேரா தூக்கிப் பிடிக்கிறது. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு செகண்ட் பிடிக்கணும்னு சொன்னாரு, நான் நம்பரை எண்ணாம "இயேசுவே, தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்"னு மெதுவா ஒரு தடவை சொல்லி முடிச்சா சரியா இருக்கு. மடக்கிறதை விட நீட்டுறது தான் முக்கியம்னு அவர் அடிச்சுச் சொல்லுவாரு, கால் முழுசா நேரா நீளலேன்னா வாழ்நாள் பூரா விந்தி விந்தித்தான் நடக்கணுமாம். அதனால முட்டிக்கு அடியில தலகாணி வைக்கவே கூடாது, வச்சா சுகமாத்தான் இருக்கும் ஆனா முட்டி மடங்கின வாக்குலயே இறுகிப் போயிடும். வேணும்னா குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சுக்கலாம்.

பயிற்சி முடிஞ்சா துணியில சுத்தி ஐஸ், ஒரு கால் மணி நேரம். மதியம் சாப்பாடு, கொஞ்சம் கண்ணு மூடுறது. சாயங்காலம் மறுபடியும் பயிற்சி, வெயில் தாழ்ந்ததும் கோயில் முற்றத்துல நடை, செபமாலை. நான் பயிற்சி பண்ற நேரத்துல ஆபீஸ் கதவு சாத்தியிருக்கும், சர்டிபிகேட் கேட்டு வர்றவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. செப நேரத்தை எப்படி விட்டுக்கொடுக்க மாட்டேனோ அப்படித்தான் இதையும் வச்சிருக்கேன், ஏன்னா இந்த கால் தேறினாத்தான் உங்க கிராமத்துக்கு மறுபடியும் வர முடியும்.

உக்காந்துக்கிட்டு பூசை வைக்கலாமா? செல்லுமா?

செல்லும். தாராளமா செல்லும். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்புல 930ஆவது சட்டமே இதுக்குத்தான் இருக்கு: நிக்க முடியாத நோயாளி குரு, வயசான குரு, உக்காந்தபடி திருப்பலி நிறைவேத்தலாம், மக்கள் முன்னாடி அப்படி பண்றதுக்கு மட்டும் ஆயரோட அனுமதி வேணும். நான் முதல் வாரங்கள்ல ரூம்லயே சின்ன மேசை போட்டு உக்காந்து வச்சேன், அப்புறம் அனுமதி வாங்கி கோயில்லயும் கொஞ்ச நாள் உக்காந்து வச்சேன், இப்ப வாசகத்துக்கும் பிரசங்கத்துக்கும் மட்டும் உக்காந்துட்டு மத்ததுக்கு நின்னுடுறேன்.

பெரிய சிக்கல் எங்க தெரியுமா, அங்கி. நீளமா தரையைத் தொடுற அங்கியைப் போட்டுட்டு வாக்கரைப் பிடிச்சு நடந்தா விளிம்பு வாக்கர் காலுக்கு அடியில போய் மாட்டிக்குது. கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தங்க ரெண்டு அங்கியை கரண்டைக்கு மேல நிக்கிற மாதிரி மடிச்சுத் தச்சுக் கொடுத்தாங்க. பீடத்துப் படியில கைப்பிடி இல்ல, அங்க ஒரு பீடச் சிறுவன் இடது பக்கம் நிப்பான். நன்மை கொடுக்க சிஸ்டர்ஸ் இருக்காங்க, நான் ஒரே இடத்துல நின்னு கொடுக்கிறேன், வரிசை என்கிட்ட வரும்.

முட்டி போட முடியலேன்னா பாவமா சாமி?

இல்லம்மா, இல்லவே இல்ல. இதைக் கேட்டு எத்தனை பேர் மனசு கஷ்டப்படுறீங்கன்னு எனக்குத் தெரியும், மூட்டு வலியோட வர்ற பெரியவங்க எழுந்தேத்தத்துல, அதாவது குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுற நேரத்துல, எல்லாரும் முட்டி போடும்போது தான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கோமேன்னு தலை குனிஞ்சுக்குறீங்க.

பூசை வைக்கிற குரு மூணு தடவை முட்டி போடணும்: அப்பத்தை உயர்த்திக் காட்டினதும், கிண்ணத்தை உயர்த்திக் காட்டினதும், நன்மைக்கு முன்னாடி. அதுவும் வலது முட்டியைத் தரையில தொட்டு. எனக்கு ஆபரேஷன் ஆனதும் அதே வலது முட்டி தான். முப்பது வருஷத்துக்கு மேல பழகின உடம்பு, அந்த இடம் வந்ததும் தானா மடங்கப் பாக்கும், நான் பீடத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணங்குறேன். முடியாதவங்களுக்கு அந்த வணக்கமே போதும். தொடக்கத்துல அது எனக்கு அழுகையா வந்துச்சு, அதையும் மறைக்காம சொல்றேன்.

மருத்துவமா கேட்டா, காயம் நல்லா ஆறினதுக்கு அப்புறம் முட்டி போட்டா உள்ள இருக்கிற உலோகம் உடைஞ்சிடும்னு பயப்பட வேண்டாம்னு தான் டாக்டர் சொன்னாரு. ஆனா தழும்புக்கு வெளிப்பக்கம் தோல்ல உணர்ச்சி இல்லாம மரத்த மாதிரி இருக்கும், அழுத்தினா ஒரு மாதிரி கூசும், அதனால நிறைய பேருக்கு முட்டி போடுறது கடைசி வரைக்கும் சரிப்பட்டு வராது. சம்மணம் போடுறதும் குந்துறதும் தவிர்க்கணும். அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்துல எனக்கு மட்டும் சேர் போடுறீங்களே, பாய்ல உக்காந்து கஷ்டப்படுற மத்த பெரியவங்களுக்கும் ரெண்டு சேர் சேத்துப் போடுங்க.

ஆட்டுக்கால் சூப் கொடுத்து விடவா?

கொடுங்க, ஆனா ஒரே நாள்ல நாலு வீட்டுல இருந்து வேண்டாம். சூப்புனால எலும்பு ஒட்டிக்கும்னு நம்பி மத்ததை விட்டுடக் கூடாது, காயம் ஆறப் புரதம் வேணும், அது முட்டையிலயும் மீன்லயும் பருப்புலயும் நல்லாவே கிடைக்குது. முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும், கத்திரிக்கா சாப்பிட்டா அரிக்கும்னு பத்தியம் சொன்னவங்க இருக்காங்க, டாக்டர் எனக்கு எந்தப் பத்தியமும் சொல்லல. சுகரை மட்டும் கட்டுக்குள்ள வைக்கச் சொன்னாரு, சுகர் ஏறினா கிருமி பிடிக்கும்.

எதிர் வளவு ஆச்சி கும்மாயம் கிண்டி நெய் மிதக்க தூக்குவாளியில கொடுத்து விட்டாங்க. உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைச்ச மாவு, கருப்பட்டி, அந்த வாசத்தை இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு கரண்டி சாப்பிட்டேன், மிச்சம் பீடச் சிறுவர்களுக்கு. அந்த ஆச்சி நம்ம கோயிலுக்கு வர்றவங்க இல்ல, பிள்ளையார்பட்டிக்குப் போய் எனக்காக வேண்டிக்கிட்டதா சொன்னாங்க. நானும் அவங்களுக்காகத் தினமும் வேண்டிக்கிறேன்.

வலி மாத்திரையால மலச்சிக்கல் வரும், யாரும் வெளிய பேச மாட்டாங்க. கீரை, பழம், தண்ணி. தவக்காலத்துல ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடுற நோன்பு) இருக்கணுமான்னா, 59 வயசு முடிஞ்சவங்களுக்கு அது கட்டாயமே இல்ல, நோயாளிங்களுக்கு எந்த வயசுலயும் விலக்கு உண்டு.

நல்லா நீவி விட ஒருத்தர் இருக்காரு, கூட்டிட்டு வரவா?

வேண்டாம். அன்போட சொல்றீங்க, ஆனா வேண்டவே வேண்டாம். ஆபரேஷன் ஆன புதுசுல கெண்டைக்கால்ல ரத்தம் கட்டியிருந்து அதை நீவி விட்டா அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடலாம், உயிருக்கே ஆபத்து. தையல் போட்ட இடத்துல எண்ணெயும் கூடாது.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா: கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, காய்ச்சல் வந்தா, காயத்துல சிவப்பு ஏறிட்டே போனா, நீரோ சீழோ வடிஞ்சா. முட்டி சூடா இருக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் வீங்குறது, நடக்கும்போது உள்ள டக் டக்னு சத்தம் கேக்குறது, இதெல்லாம் மாசக்கணக்குல இருக்கும், அதுக்கு பயப்பட வேண்டாம்.

நம்ம ஊரு வீட்டுல எப்படி நடக்குறது? எங்க அம்மாவுக்கும் ஆபரேஷன் பண்ணப் போறோம்

செட்டிநாட்டு வீடுன்னா முதல்ல பாக்க வேண்டியது நிலைவாசப்படி. முகப்புல இருந்து வளவுக்குப் போக ஒரு படி, வளவுல இருந்து ரெண்டாங்கட்டுக்கு ஒரு படி, வாக்கரைத் தூக்கி வச்சுத் தாண்டணும், ராத்திரி இருட்டுல அது நடக்காது. அம்மாவோட கட்டிலை பாத்ரூமுக்குப் பக்கத்துல, நடுவுல வாசப்படி இல்லாத இடமாப் பாத்துப் போடுங்க. ஆத்தங்குடிக் கல்லு காலுக்கு ஜில்லுனு இருக்கும், ஆனா வழுவழுப்பா தேஞ்ச தரையில தண்ணி சிந்தினா வழுக்கும், முற்றத்து ஓரம் மழைச்சாரல் அடிக்கிற இடத்துல நடக்க விடாதீங்க. தரையில கிடக்கிற மிதியடி, சின்னப் பாய் எல்லாத்தையும் எடுத்துடுங்க. வெஸ்டர்ன் டாய்லெட், அதுக்குப் பக்கத்துல சுவத்துல கைப்பிடி, இது ரெண்டும் ஆபரேஷனுக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும்.

படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. குச்சி எதிர்ப்பக்கக் கையில, அதாவது எனக்கு வலது முட்டி, குச்சி இடது கையில. பாதிப்பேர் இதை மாத்தித்தான் பிடிக்கிறாங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி அவஸ்தைப்பூசுதல் வாங்கினீங்களாமே, அவ்வளவு சீரியஸா?

அந்தப் பேரை முதல்ல விடுவோம், அது நோயில்பூசுதல், நோயாளிக்கு எண்ணெய் பூசி செபிக்கிற சடங்கு. சாகப்போறவங்களுக்கு மட்டும்னு நினைச்சு, நினைவு தப்பினதுக்கு அப்புறம் சாமியாரைக் கூப்பிடுறீங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். உடம்பு மோசமா இருந்து பெரிய ஆபரேஷன் பண்ணப் போறவங்க, வயசாகித் தளர்ந்தவங்க எல்லாரும் வாங்கலாம். எனக்கு சுகரும் இதயத்துல கொஞ்சம் பிரச்சினையும் உண்டு, அதனால கேட்டு வாங்கினேன். பக்கத்துப் பங்கு சாமி வந்தாரு, நெத்தியில பூசிட்டு, கையை நீட்டினப்ப திருப்பிப் புறங்கையில பூசினாரு. குருக்களுக்கு உள்ளங்கை குருப்பட்டத்தன்னைக்கே தைலம் பூசியாச்சுன்னு பழைய முறையில அப்படித்தான் பண்ணுவாங்க. எத்தனையோ பேருக்கு நான் பூசியிருக்கேன், எனக்கு யாரோ ஒருத்தர் பூசினப்ப தான் அந்த எண்ணெய் எவ்வளவு தெம்புன்னு தெரிஞ்சது.

கிராமத்துல யாருக்காவது சீரியஸ்னா?

எந்நேரமும் போன் பண்ணுங்க, தயங்கவே தயங்காதீங்க. குச்சி வந்ததுல இருந்து கார் அனுப்பினா வந்துடுறேன், முன் சீட்டைப் பின்னாடி தள்ளி கால நீட்டிக்க இடம் கொடுத்தா போதும். நான் வர முடியாத நேரத்துக்கு உதவி சாமி இருக்காரு. பைக் இப்போதைக்கு இல்ல, பிரேக் வலது கால்ல, சட்டுனு மிதிக்கிற வேகம் திரும்பணும், டாக்டர் சொன்னாத்தான். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை கேக்குறது) வழக்கம் போல சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டூல்ல கால நீட்டி வச்சிருப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பெரிய வாரத்துக்கு என்ன பண்ணுவீங்க?

பெரிய வெள்ளி அன்னைக்கு தொடக்கத்துல குரு குப்புற விழுந்து வணங்கணும், இல்ல முட்டி போடணும். ரெண்டும் என்னால முடியாது, அதனால அன்னைக்கு உதவி சாமி தலைமை தாங்குவாரு, நான் ஓரமா இருப்பேன். கால் கழுவுற சடங்கு கட்டாயம் இல்ல, ஆனா நம்ம மக்களுக்கு அது உயிர், அதையும் அவரே பண்ணுவாரு. நான் துண்டைப் பிடிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

ஓரியூர் நடைபயணம் போகலையேன்னு வருத்தமா?

இருக்கு. 1693 பிப்ரவரி 4 அன்னைக்கு இயேசு சபை சாமியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட அந்த செம்மண்ணை மிதிக்காம அந்தத் திருவிழா போனது மனசுக்கு என்னமோ மாதிரி தான் இருந்துச்சு. ஆனா அவரோட சபையைத் தொடங்கின இஞ்ஞாசியாரை நினைச்சுக்கிட்டேன். 1521ல பாம்ப்லோனா கோட்டையில பீரங்கிக் குண்டு பட்டு கால் நொறுங்கி, மயக்க மருந்து இல்லாத காலத்துல எலும்பை மறுபடி உடைச்சு வச்சு, மாசக்கணக்கா படுக்கையில கிடந்தாரு. படிக்க வீரக்கதை கேட்டாரு, வீட்டுல இருந்தது இயேசுவோட வரலாறும் புனிதர்கள் வரலாறும் தான், அதைப் படிச்சுத்தான் மனசு மாறினாரு. கடைசி வரைக்கும் விந்தித்தான் நடந்தாரு. நம்ம காலத்துல போப் பிரான்சிஸ் முட்டி வலியால 2022 மே மாசம் வீல்சேர்ல எல்லார் முன்னாடியும் வந்தாரு, வேலையை விட்டுடல. நோயில கிடக்கிற சாமியார் சும்மா கிடக்கிறாருன்னு நினைக்கிறவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன். படுத்திருந்த நாள்ல உங்க ஒவ்வொரு குடும்பத்து பேரையும் பங்குப் பதிவேட்டைப் பாத்து வாசிச்சு வேண்டினேன், ஓடிட்டு இருந்த வருஷங்கள்ல அதுக்கு நேரம் கிடைச்சதில்ல.

எப்ப வந்து பாக்கலாம்?

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. சளி, காய்ச்சல் இருந்தா வேண்டாம். ராத்திரி தூக்கம் இன்னும் சரியா வரல, அதனால மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் விட்டுடுங்க.

இடது முட்டி?

அதுவும் தேஞ்சு தான் இருக்கு. வலது கால் முழுசா பலமாகட்டும், அது தாங்கினாத்தான் இதைப் பண்ண முடியும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஈஸ்டர் முடிஞ்சு, பிள்ளைங்களோட புதுநன்மை, உறுதிபூசுதல் சடங்கெல்லாம் முடிஞ்சதும் தேதி கேக்கணும். உபதேசியார்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன்.